மஞ்சள் சிவக்கும் காட்சி: வெளியாளும் நாட்டாண்மையும் மோதும் அறிவியல் நாடகம் எழுதுவோருக்கு

கேள்வி சுருக்கமாக இது: வேலூரில் ஒரு கல்லூரி நாடகக் குழு 45 நிமிட அறிவியல் புனைவு நாடகம் போடப்போகிறது. ஆண்டு 2090, இடம் பாலாற்றங்கரையில் ஒரு ஊர். வெளியிலிருந்து வரும் ஒரு பெண், பரம்பரையாகத் தண்ணீர்ப் பங்கீட்டைக் கையில் வைத்திருக்கும் நாட்டாண்மையை எதிர்க்கிறாள். "எழுதிப் பார்த்தால் இரண்டாம் காட்சியிலேயே அவள் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிடுகிறாள். பெரியவர் வெறும் வில்லனாக நிற்கிறார். எதை மாற்றுவது? மேடைக்கு என்னென்ன பொருள் வேண்டும்?"

நாட்டாண்மையின் பக்கம் ஒரு நியாயமும் வைக்காமல் விட்டதால்தான் உங்கள் பெண் பிரசங்கம் பண்ணுகிறாள். "முன்னோர் சொன்னது" என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை என்றால், அவளுக்கும் சொற்பொழிவைத் தவிர வேறு வேலை இல்லை. அவர் காக்கிற விதிக்கு முதலில் ஒரு காரணம் கொடுங்கள். நாடகத்துக்கு வெளியேயும் அது உண்மையான காரணமாக இருக்க வேண்டும்.

பாலாறே அந்தக் காரணத்தைத் தருகிறது. ஆண்டில் பெரும்பகுதி ஆற்றின் மேல் மணல்தான். தண்ணீர் மணலுக்கு அடியில் நகர்கிறது. கரையோரக் கிணறுகள் அந்த ஊற்றில்தான் நிரம்புகின்றன. பகல் முழுக்க இறைத்த கிணறு இரவில் சும்மா கிடந்தால் மட்டம் ஏறும். விடாமல் இறைத்தால் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல் மாதிரி குழிந்து, நாலா பக்கத்துத் தண்ணீரும் அதை நோக்கி இழுபடும். பக்கத்தில் கெட்ட தண்ணீர் இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். ஆகவே "அந்தி சாய்ந்தால் இறைக்கக் கூடாது" என்று நாட்டாண்மை சொல்வது நல்ல நீர்மேலாண்மை. அவருக்கு விதி தெரியும், விளக்கம் தெரியாது. "ராத்திரிக்கு ஆத்தைத் தூங்கவுடணும்" என்று மட்டும் சொல்வார். அந்த ஒரு வரி போதும், மேடையில் அவருக்கு எடை வந்துவிடும்.

அடுத்து அவளுக்கு ஒரு தவறு கொடுங்கள். மன்னிப்புக் கேட்டால் தீர்ந்துபோகிற சின்னத் தவறு உதவாது, ஊரைப் பாதிக்கிற தவறாக இருக்கட்டும். அவள் ஒரு பேட்டரி பம்ப் கொண்டுவருகிறாள். நல்ல கிணற்றில் இரவில் ரகசியமாக இறைத்துத் தண்ணீர் கிடைக்காத வீடுகளுக்குக் கொடுக்கிறாள். நல்ல மனசுதான். ஆனால் சில மாதத்தில் அந்த நல்ல கிணறும் கெடுகிறது. பெரியவர் சொன்னது பலித்துவிட்டது. பார்வையாளர்கள் அவர் பக்கம் சாய்ந்து, அவளைச் சந்தேகிக்கும் அந்த ஐந்து நிமிடம் உங்கள் நாடகத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். நிலத்தடி நீர் ஒரே ராத்திரியில் இடம் மாறாது என்பதால், "ஆடி போச்சு, ஐப்பசி வந்துச்சு" என்று கட்டியக்காரனை (தெருக்கூத்தில் கேள்வி கேட்டுக் கதையை நடத்திச் செல்பவர்) ஒரு சுற்றுப் பாடவிட்டு மாதங்களைக் கடத்துங்கள்.

அறிவியல் புனைவு என்றதும் சிலர் பளபளக்கும் உடைக்கும் புகை இயந்திரத்துக்கும் பட்ஜெட் போடுவார்கள். தேவையே இல்லை. "ரோபோ" என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தது ஒரு மேடை நாடகம்தான்: காரெல் சாபெக் எழுதி 1921-இல் பிராகில் மேடையேறிய "ஆர்.யு.ஆர்." அதில் ரோபோக்களாக நடித்தவர்கள் சாதாரண மனிதர்களே. நடிகரும் ஒரே ஒரு கற்பனையும் போதும். இரண்டாவது கற்பனை நுழைந்தால் முதலாவதை யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் கதைக்கு ஏற்ற ஒன்று: இரண்டு தலைமுறைகளாக ஊருக்கு ஆய்வகமோ மின்சாரமோ கிடையாது, ஒரு காலத்துத் தண்ணீர்ச் சோதனை இப்போது சடங்காக மட்டும் மிச்சமிருக்கிறது. அவ்வளவுதான் உங்கள் 2090.

அந்தச் சடங்கை எப்படி அமைப்பது என்பதுதான் நாடகத்தின் உயிர். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்தி கரைக்கும் எந்த வீட்டுக்கும் தெரிந்த விஷயம்; குங்குமத்தின் நிறமும் இந்த வேதியியல்தான். எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு திரும்ப மஞ்சளாகிவிடும். இதை வைத்து ஒரு பழைய சோதனையை உருவாக்குங்கள். மடை திறக்கும் முன் கிணற்று நீரில் மஞ்சள் ஊற்றிப் பார்க்க வேண்டும். சிவந்தால் தோல் பதனிடும் சுண்ணாம்புக் குழியின் நீர் கலந்திருக்கிறது, மடை திறக்கக் கூடாது. தோலில் முடி நீக்குவதற்கு சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஆகவே வேலூரில் இதைத் தனியாக விளக்கவே வேண்டாம்.

ஒரு வருஷம் மஞ்சள் சிவந்தது. பயிர் வாடுகிறது, ஊர் கூடி நிற்கிறது. அப்போதைய நாட்டாண்மை பயந்துபோய், "சாந்தி பண்ணிட்டேன்" என்று எலுமிச்சை பிழிந்து மஞ்சள் நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். அடுத்த வருஷத்திலிருந்து எலுமிச்சை முதலில், மஞ்சள் பிறகு என்றாகிவிட்டது. அதற்குப் பின் மஞ்சள் சிவக்கவே இல்லை. சடங்கு ஒரு நாள் தவறாமல் நடக்கிறது, சோதனை மட்டும் குருடாகிவிட்டது. இப்போதைய நாட்டாண்மை அந்தப் பயந்தவரின் மகன். அன்றைக்குத் தட்டில் எலுமிச்சையை ஏந்தி நின்ற பையன். அவருக்கு இது தெரியும் என்பதை நான்காம் காட்சி வரை சொல்லாதீர்கள்.

வேதியியல் படித்தவர்கள் இரண்டு இடத்தில் உங்களைப் பிடிப்பார்கள். ஒன்று, "நூறு வருஷத்துக்கு முன்னால் கைவிட்ட குழி" என்று எழுதாதீர்கள். சுண்ணாம்பு காற்றுப் பட்டுப் பட்டுத் திரும்ப சுண்ணாம்புக்கல்லாகிவிடும். அது மஞ்சளைச் சிவக்க வைக்காது. குழியில் இப்போதும் வேலை நடக்க வேண்டும். 2090-இல் பழையபடி ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடுகிறார்கள், அந்தத் தோலைக் கொடுத்துத்தான் ஊருக்கு நெல் வருகிறது என்று வையுங்கள். நாட்டாண்மை ஏன் குழியை மூடவில்லை என்பதற்கு வயிற்றுப்பாட்டுக் காரணமும் கிடைத்துவிடும். இரண்டு, குழியிலிருந்து வெகுதூரக் கிணற்றில் சிவக்காது. நல்ல தண்ணீர் கலந்து நீர்த்துவிடும். குழியை ஒட்டியே கிணறு இருக்கட்டும்.

அந்தக் கிணறு யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வட ஆர்க்காட்டில் வெளியாளாக இருப்பதற்கு வானத்திலிருந்து குதிக்க வேண்டியதில்லை. ஊருக்கு 300 மீட்டர் தள்ளிச் சேரியில் பிறந்தால் போதும். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையும், கழிவு முதலில் வந்து சேரும் பள்ளமும் அங்கேதான் இருக்கும். மேலே சொன்ன குழி கடைமடைக் கிணற்றுப் பக்கத்தில் என்று வைத்தால், தண்ணீர் கெட்ட செய்தி அந்தத் தெருவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். காரத் தண்ணீரைத் தொட்டால் வழுக்கும். தொடர்ந்து தொட்டால் தோல் எரியும். கடைமடைப் பெண் ஒருத்தி சொல்லட்டும்: "நாங்க எட்டு வருசமா சொல்லிக்கினுதான் கீறோம். சோப்பு போடாமலே கை வழுக்குது. துணி தொவைச்சா எரியுது." வெளியிலிருந்து வந்தவள்தான் உண்மையைக் கண்டுபிடித்தாள் என்று எழுதினால் இந்தப் பெண்ணின் எட்டு வருஷத்தை நீங்களும் திருடிவிடுகிறீர்கள். வந்தவள் கண்டுபிடிக்க வேண்டாம். ஊர் காதில் விழாததை விழவைக்கட்டும்.

அப்படியென்றால் வருபவள் எங்கிருந்து வருகிறாள்? ஜவ்வாது மலை காவலூரிலிருந்து வரட்டும். அங்கே 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு போடும் கூடமும் இருக்கிறது. பூச்சுக்கு முன் கண்ணாடியைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். 2090-இலும் அந்தக் கண்ணாடியைக் காப்பாற்றி வைத்திருக்கும் சிலரில் ஒருத்தி, தண்ணீர் தேடி இறங்கி வருகிறாள். இப்போது அவள் உபதேசிக்க வந்தவள் இல்லை, கை நீட்டி வந்தவள். தண்ணீரைச் சோதிக்கும் அறிவு அவளுக்கு எப்படி வந்தது என்பதற்கும் பதில் கிடைத்தது. ஒரு எச்சரிக்கை: ஜவ்வாது மலையில் மலையாளி என்ற பெயருள்ள பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்ல) வாழ்கிறார்கள். மலையிலிருந்து வருகிறாள் என்பதற்காக இறகும் மணியும் மாட்டி அவளைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள். சாதாரணப் பருத்திப் புடவை, தோளில் ஒரு தண்ணீர்க் கேன், அது போதும்.

புதிதாக வருபவர் சொல்வதெல்லாம் விடுதலை என்று வேலூர் பார்வையாளர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள். இந்த ஊர்க் கோட்டையில்தான் 1806 ஜூலை 10 நடந்தது. புதுத் தொப்பி போடு, நெற்றியில் குறி வைக்காதே, தாடி வைக்காதே என்று மேலிருந்து ஆணை போட்ட வெளியாட்களை எதிர்த்துச் சிப்பாய்கள் எழுந்தார்கள். உங்கள் பெண் "இதை நிறுத்துங்கள், அதைச் செய்யுங்கள்" என்று கட்டளைத் தொனியில் பேசினால், இந்த ஊர் கண்ணுக்கு அவள் அந்த ஆணையிட்டவர்கள் மாதிரிதான் தெரிவாள். அவள் பேச்சில் கேள்விக்குறி அதிகம் இருக்கட்டும்.

கேட்க வேண்டிய முக்கியக் கேள்வியும் இந்த மாவட்டத்திலிருந்தே வருகிறது. தோல் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழிலை நடத்துபவருக்கு என்றும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. இதை நாடகத்தில் மேற்கோளாகச் சொல்ல வேண்டாம், திருப்பமாகப் பயன்படுத்துங்கள். மூன்று காட்சிகளாக "நீ நிரூபி" என்று நாட்டாண்மை அவளைத் துரத்துகிறார். நான்காம் காட்சியில் கடைமடைப் பெண் முன்னால் வந்து, "நல்ல தண்ணின்னு நீங்க காட்டுங்க ஐயா" என்கிறாள். சுமை இடம் மாறுகிறது, கூட்டம் மௌனமாகிறது.

பிறகு பேச்சே வேண்டாம், கைகள் வேலை செய்யட்டும். இது ஏன் வலுவானது என்பதற்கு வேலூரிலேயே ஒரு சான்று உண்டு. 1946-இல் சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் எலும்பு அறுவை மருத்துவர். தொழுநோய்த் துறைக்கு அவர் வெளியாள். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்பதுதான் அப்போது மருத்துவர்களும் நம்பியது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. நோயுற்ற ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தச் சொட்டு. பையனின் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. வலி தெரியாததால் படும் காயம்தான் விரலைத் தின்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்ததில் இப்படிப்பட்ட காட்சிகளுக்குப் பங்கு உண்டு. ஒரு சாவி, ஒரு கை, ஒரு சொட்டு ரத்தம். வாதத்துக்கு அங்கே இடமே இல்லை. இப்சன் 1882-இல் எழுதிய "மக்கள் விரோதி" நாடகத்தில் ஊரின் குளியல் நீரைக் கெடுப்பதும் தோல் கழிவுதான். ஆனால் அங்கே சான்று ஆய்வகத்திலிருந்து வரும் கடிதம். கடிதத்தை ஊர் நம்ப மறுக்கலாம். கண்ணெதிரே சிவக்கும் டம்ளரை மறுப்பது கடினம்.

காட்சி இப்படிப் போகலாம். பலகை மேல் மூன்று கண்ணாடி டம்ளர்கள். நாட்டாண்மை வழக்கம்போல் எலுமிச்சையை எடுக்கிறார்.

"எலுமிச்சம்பழம் அப்பால போடலாங்களா ஐயா?"

"இன்னாம்மா, மலைமேல இருந்து வந்து எங்க சாங்கியத்தை மாத்துறியா?"

"மாத்தலீங்க. எது முன்னேன்னு கேக்கறேன்."

அவர் கை நிற்கிறது. பத்து வினாடி. பழத்தைத் தட்டில் திரும்ப வைக்கிறார். மஞ்சளை அவரே ஊற்றுகிறார். அந்த ஊற்றல் அவர் கையால்தான் நடக்க வேண்டும். அவள் தட்டிப் பறித்து ஊற்றினால் அது வித்தை காட்டுவதாகிவிடும். முதல் டம்ளர் ஊரின் குடிநீர், மஞ்சளாகவே நிற்கும். இரண்டாவது கடைமடைக் கிணறு, சிவக்கும். மூன்றாவது பம்ப் வைத்து இழுத்த கிணறு, அதுவும் சிவக்கும். இரண்டாவது டம்ளரில் அவர் தோற்கிறார், மூன்றாவதில் அவள் தோற்கிறாள்.

மொழி விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். "கீது", "அப்பால", "இட்டுனு" இதெல்லாம் சிரிப்புக்காக வேலைக்காரப் பாத்திரத்துக்கு மட்டும் கொடுக்கும் பழக்கம் சினிமாவில் உண்டு. நாட்டாண்மையும் அதே பேச்சைப் பேசட்டும், கம்பீரமாகப் பேசட்டும். விளிச்சொல்லில் கதையே சொல்லலாம். கடைமடைப் பெண்ணை மூன்று காட்சியும் "இன்னாமே" என்று கூப்பிடுபவர், டம்ளர் சிவந்த பிறகு "இன்னாம்மா" என்று கூப்பிட்டால் போதும். வேறு மன்னிப்பு வசனம் எழுதாதீர்கள்.

2090 உலகத்தைத் தொடக்கத்தில் விளக்க வேண்டுமே என்று கவலைப்படுபவர்களுக்குத் தெருக்கூத்து வழி வைத்திருக்கிறது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று ராஜா பாட, கட்டியக்காரன் "நீங்க யாரு, எந்த தேசம், என்ன காரணமா வந்தீங்க" என்று கேட்டுக்கேட்டுத்தான் கதை தொடங்குகிறது. அதே கேள்விகளால் எந்த எதிர்காலத்தையும் மூன்று நிமிடத்தில் நிறுத்திவிடலாம். நாட்டாண்மைக்குத் திரை வரவு கொடுங்கள். அவளுக்குத் திரை கிடையாது, பார்வையாளர் நடுவிலிருந்து நடந்து வரட்டும். யாருக்கு வரவேற்பு உண்டு, யாருக்கு இல்லை என்பது சொல்லாமலே புரியும். கூத்தில் புதுக்கதை ஒட்டாது என்று யாராவது சொன்னால், செய்யாறு பக்கத்துப் புரிசைக் கூத்துக் குழுவினர் கார்சியா மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவர் கதையையே கூத்தாக ஆடியதைச் சொல்லுங்கள். அதுவும் ஓர் ஊரில் வந்து விழுந்த வெளியாள் கதைதான். முகவீணையை (கூத்தில் ஊதும் சிறிய குழல் வாத்தியம்) வரவுக்கும் மாதம் கடத்தும் பாட்டுக்கும் மட்டும் வையுங்கள். வசனத்துக்கு அடியில் வாசித்தால் ஒரு சொல்லும் கேட்காது.

அளவு: மேடைத் தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் என்று கணக்கிடுங்கள். 45 நிமிடத்தில் பாட்டும் மௌனமும் கைவேலையும் 12 நிமிடம் தின்னும். வசனம் 3,200 சொல்லைத் தாண்டினால் வெட்டுங்கள். வழக்கமாக முதலில் வெட்ட வேண்டியது அவளுடைய பேச்சு. நடிகர்கள் ஐவர் போதும்: நாட்டாண்மை, மலையிலிருந்து வருபவள், கடைமடைப் பெண், தோல் வியாபாரம் பார்க்கும் நாட்டாண்மையின் மகன், கட்டியக்காரன்.

சோதனைக்கு வேண்டியவை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டியை 1 லிட்டர் தண்ணீரில் கலக்கி நான்கு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் வடித்துப் பாட்டிலில் நிரப்பி இறுக மூடுங்கள். பார்க்கக் குடிநீர் போலவே இருக்கும். திறந்து வைத்தால் மேலே வெள்ளை ஏடு படியும், ரகசியம் போய்விடும். யார் கண்ணிலும் படக் கூடாது, யாரும் தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிடவும் கூடாது. பாட்டிலில் அடையாளம் ஒட்டி ஒருவர் பொறுப்பில் வையுங்கள். அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளை 200 மில்லி வெதுவெதுப்பான நீரில் கலக்கித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். 200 மில்லி டம்ளருக்கு இரண்டு, மூன்று தேக்கரண்டி மஞ்சள் நீர் ஊற்றினால் நிறம் உடனே மாறும். சிவந்ததை எலுமிச்சையால் திருப்பிக் காட்டும் காட்சி இருந்தால் ஒரு முழுப் பழம் பிழியுங்கள், அரைப் பழம் போதாமல் போகலாம்.

கலவையை முன்கூட்டியே தயாரித்து வைக்காதீர்கள். காரத்தில் மஞ்சளின் நிறம் நிலைக்காது, சிறிது நேரத்திலேயே மங்கத் தொடங்கும். குரோமியம் கலந்த உண்மைக் கழிவுநீரை "தத்ரூபமாக இருக்கும்" என்று ராணிப்பேட்டைப் பக்கமிருந்து பாட்டிலில் பிடித்துவரும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

விளக்கில்தான் பலர் கோட்டைவிடுவார்கள். மண்டபத்து மஞ்சள் விளக்கில் மஞ்சளும் சிவப்பும் ஒன்றுபோல் தெரியும். டம்ளர்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதற்குப் பின்னாலிருந்து வெள்ளை எல்.இ.டி. டார்ச் ஒன்றைப் பாய்ச்சினால் கடைசி வரிசைக்கும் நிறம் போய்ச் சேரும். ஒத்திகையை நாடகம் நடக்கும் அதே மண்டபத்தில், அதே விளக்கில் ஒருமுறையாவது செய்துவிடுங்கள். முதல் டம்ளரை மட்டும் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் நாலு தடவை அலசி, கேன் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சோப்பு மிச்சம் ஒட்டியிருந்தால் அதிலும் மஞ்சள் சிவந்துவிடும்.